கொத்தளம் போடாத நகரம்

2 இராஜாக்கள் 19:32ஐ ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள். அசீரியா ராஜா எருசலேமுக்குள் பிரவேசிப்பதில்லை, அதின்மேல் அம்பு எய்வதில்லை, அதற்கு முன்பாகக் கேடகத்தோடே வருவதில்லை, "இதற்கு எதிராகக் கொத்தளம் போடுவதுமில்லை" என்று வசனம் முடிகிறது. மட்டக்களப்பில் வளர்ந்தவருக்குக் கொத்தளம் என்றதும் புளியந்தீவில் வாவிக்கரையில் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டையின் மூலைகள்தான் கண்ணுக்குள் வரும். பீரங்கி வைப்பதற்காக மதிலிலிருந்து முன்னே தள்ளிக் கட்டிய பகுதி அது. கோட்டைக்குள் இருப்பவன் தன்னைக் காக்கக் கட்டுவது. அந்த நினைப்போடு வாசித்தால் வசனம் குழம்பிவிடும். வெளியே நிற்கும் பகைவன் எதற்காகக் கொத்தளம் போடவேண்டும்?

பழைய மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லை வைத்த இடத்தில் எபிரேயத்தில் இருப்பது சோலெலா. குவித்து உயர்த்துதல் என்ற வேரிலிருந்து வந்த சொல். முற்றுகையிடும் படை மதிலின் உயரத்துக்கு ஏறுவதற்காக, வெளியிலிருந்து மதிலை நோக்கிக் கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பும் சாய்மேடு அது. நம் பக்கத்தில் இதற்குக் கிட்டவரும் பொருள் குளக்கட்டு. குளக்கட்டை அளவில்லாத கூலியாட்களை வைத்து, அம்பு மழைக்குள், சில கிழமைகளில் கட்டி முடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அசீரியர் செய்தது அதுதான். வசனம் சொல்லும் அம்பு, கேடகம், கொத்தளம் மூன்றும் அந்தப் படையின் வேலைமுறையைப் படிப்படியாகச் சொல்கின்றன. வசனத்தை எழுதியவர் அசீரியப் படையை அறிந்தவர்.

ஞாயிறு பாடசாலை நடத்துவோருக்கும், வேதபாட வகுப்பு எடுப்போருக்கும், உயர்தரத்தில் கிறிஸ்தவம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பகுதி எப்போதும் பெயர்க் குவியலாகவே போய்ச் சேர்கிறது. திகிலாத்பிலேசர், சல்மனாசார், சர்கோன், சனகெரிப், எசரத்தோன் என்று அசீரிய அரசர் பெயர்களை மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அசீரியர் தங்கள் வெற்றிகளைத் தாங்களே களிமண்ணிலும் கல்லிலும் எழுதிவைத்தவர்கள். வேதாகமம் சொல்லும் அதே நிகழ்ச்சியை மறுபக்கத்தார் எழுதிய ஏட்டிலும் வாசிக்கக் கிடைப்பது பழைய ஏற்பாட்டில் அரிது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் இந்த அதிகாரங்கள் உயிர்பெறும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அந்த மேட்டைப் பார்ப்போம். கி.மு. 701இல் சனகெரிப் யூதாவின் மேல் வந்தான். எருசலேமுக்கு அடுத்த பெரிய அரணான நகரம் லாகீஸ். அதன் தென்மேற்கு மூலையில் அவன் எழுப்பிய மேடு இன்றும் நிற்கிறது. அகழ்வாராய்ச்சியாளர் டேவிட் உஸ்ஸிஷ்கின் அதை அளந்தார்: அடியில் 70 முதல் 75 மீற்றர் அகலம், 50 முதல் 60 மீற்றர் நீளம், கல்லின் நிறை 13,000 முதல் 19,000 தொன் வரை. மூன்று கியூப் டிப்பர் ஒன்று பன்னிரண்டு, பதின்மூன்று தொன் ஏற்றும் என்று கொண்டால், ஏறத்தாழ ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு லோட். டிப்பரும் இல்லை, பெக்கோவும் இல்லை. ஒவ்வொரு கல்லும் ஒருவர் கையால் தூக்கி அடுத்தவரிடம் கொடுக்கக்கூடிய பருமன். மேற்பரப்பில் கற்களைச் சாந்து போட்டு இறுக்கியிருந்தார்கள்.

ஏன் தென்மேற்கு மூலை? லாகீஸ் நின்ற குன்றைச் சுற்றி மற்றப் பக்கங்களில் ஆழமான பள்ளத்தாக்கு. அந்த மூலையில் மட்டும் ஒரு திடல் குன்றைப் பக்கத்து மலையோடு இணைக்கிறது. கொட்டவேண்டிய கல் அங்கேதான் குறைவு. உள்ளே இருந்தவர்களுக்கும் அது தெரியும். வெளியே மேடு உயர உயர, அவர்கள் உள்ளே அதே மூலையில் எதிர்மேடு எழுப்பி மதிலை உயர்த்திக்கொண்டே போனார்கள். அந்த எதிர்மேடும் தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. இரும்புச் சங்கிலித் துண்டு ஒன்றும் கிடைத்தது. இடிக்கும் யந்திரத்தின் மூக்கில் சங்கிலியைக் கொளுவி மேலே இழுத்து, இடியைத் தவறவைக்கும் உபாயம் அது. நூற்றுக்கணக்கான அம்புமுனைகளும், உருட்டிச் செதுக்கிய கவண்கற்களும் அந்த மூலையிலேயே குவிந்து கிடந்தன. போர் எந்த இடத்தில் முடிந்தது என்பதை மண் சொல்கிறது.

மேடு முடிந்தவுடன் மேலே தள்ளிக்கொண்டு போவது மதில் இடிக்கும் யந்திரம். சக்கரம் வைத்த மரக்கூடு, மேலே தோல் போர்த்தியது, முன்னே இரும்பு முனை பூட்டிய நீண்ட மரம். மேடு சமமாக இல்லாவிட்டால் சக்கரம் புதையும். அதனால் யந்திரம் ஏறும் பாதையை மேட்டின் மேல் தனியாகச் சமப்படுத்தினார்கள். யந்திரத்துக்குப் பெரிய பகை நெருப்பு. மதில்மேல் நிற்பவர்கள் தீப்பந்தங்களை எறிவார்கள், தோல் காய்ந்திருந்தால் பற்றிக்கொள்ளும். நினிவே அரண்மனையில் லாகீஸ் முற்றுகையைச் செதுக்கிய கற்பலகைகளில், யந்திரத்துக்குள்ளிருந்து ஒருவன் நீண்ட அகப்பையால் தண்ணீர் அள்ளி முன்புறத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறான். பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டினால் முதலில் அவனைத்தான் தேடச் சொல்ல வேண்டும். யந்திரத்தின் பின்னால் வில்லாளரும் கேடகக்காரரும் இரண்டு பேராகச் சேர்ந்து நிற்கிறார்கள். ஆளுயரக் கேடகம் ஒருவன் கையில், வில் மற்றவன் கையில். "கேடகத்தோடே வருவதுமில்லை" என்பது இந்தச் சோடியைத்தான்.

ஆனால் முற்றுகை அசீரியருக்குக் கடைசிப் படி. இதைச் சொல்லாமல் விட்டால், எந்நேரமும் ஊரை எரித்துக்கொண்டு திரிந்த கூட்டம் என்ற படம்தான் மிஞ்சும். முற்றுகை செலவு கூடிய வேலை. இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா மூன்று வருஷம் தாக்குப்பிடித்தது. அவ்வளவு காலம் ஒரு படைக்குச் சோறு போடவேண்டும். படை வழக்கமாகப் புறப்பட்டது கோடையில், பகைவன் நாட்டில் வேளாண்மை விளைந்து நிற்கும் காலத்தில். வந்தவர்கள் அதையே வெட்டித் தின்பார்கள், மிச்சத்தை எரிப்பார்கள், பழமரங்களைத் தறிப்பார்கள். உள்ளே இருப்பவன் மதில்மேல் நின்று தன் வயலைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு போக வேளாண்மை கைவிட்டுப் போனால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை அம்பாறை, படுவான்கரைப் பக்கத்து வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

முற்றுகைக்கு முந்திய படிகள் 2 இராஜாக்களில் ஒழுங்காக வருகின்றன. முதற்படி, பணம் கொடுத்து ஒதுங்குவது. 15:19இல் பூல் என்னும் அசீரியா ராஜா வருகிறான். இந்தப் பூலும் பத்து வசனத்துக்குப் பிறகு வரும் திகிலாத்பிலேசரும் ஒரே ஆள்தான், கி.மு. 745 முதல் 727 வரை ஆண்ட மூன்றாம் திகிலாத்பிலேசர். இஸ்ரவேல் அரசன் மெனாகேம் அவனுக்கு 1,000 தாலந்து வெள்ளி கொடுத்தான், அதை ஐசுவரியவான்களிடம் ஆளுக்கு 50 சேக்கல் வீதம் தண்டினான். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல். கணக்கைப் போட்டால் 60,000 பேர் கொடுத்திருக்கவேண்டும். தாலந்து ஏறத்தாழ 30 கிலோ. ஆகவே 30 தொன் வெள்ளி, 50 கிலோ சீமெந்து மூட்டை அளவில் 600 மூட்டை. வகுப்பில் இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடவிடுங்கள். "கப்பம் கட்டினான்" என்ற இரண்டு சொல் அப்போதுதான் நாட்டின் முதுகெலும்பை உடைத்த சுமையாகத் தெரியும்.

இரண்டாம் படி, ஆணையிட்டு அடிமையாவது. யூதாவின் அரசன் ஆகாஸ் 16:7இல் "நான் உம்முடைய அடியானும் உம்முடைய குமாரனுமாயிருக்கிறேன்" என்று சொல்லி அனுப்புகிறான். இது பணிவுப் பேச்சு மட்டும் அன்று. அரசன் ஒருவன் இன்னொருவனுக்குக் கீழ்ப்படும் உடன்படிக்கையின் மொழி. திகிலாத்பிலேசரின் கப்பப் பட்டியலில் யூதாவின் யோவாகாஸ் என்று இவன் பெயர் இருக்கிறது. ஆகாஸ் என்பது அதன் சுருக்கம். ஆணையிட்ட பின் வருஷாவருஷம் கப்பம் போகவேண்டும். நிறுத்தினால் அது கடன் பாக்கி ஆகாது, தெய்வங்களின் முன் செய்த சத்தியத்தை மீறிய துரோகம். 17:4இல் இஸ்ரவேல் அரசன் ஓசெயா செய்தது அதுதான். எகிப்துக்கு ஆள் அனுப்பினான், வருஷக் கப்பத்தை நிறுத்தினான், சிறைக்குப் போனான்.

மூன்றாம் படி, நாட்டையே எடுத்துக்கொள்வது. அரசன் போய் அசீரிய ஆளுநர் வருவார், சனத்தைப் பெயர்த்து வேறெங்கோ வைப்பார்கள். கி.மு. 732இல் தமஸ்குவுக்கும், பத்து வருஷம் கழித்துச் சமாரியாவுக்கும் நடந்தது இது. சமாரியாவிலிருந்து கொண்டுபோன தொகையைச் சர்கோன் எழுதிவைத்தான்: 27,290 பேர். முழு எண்ணாக இல்லாமல் வால் வைத்த எண். எண்ணியது எழுத்தர்கள். நினிவேச் சிற்பங்களில் எழுத்தர் இரண்டு பேராக நிற்கிறார்கள். ஒருவன் கையில் ஆப்பெழுத்துக்கான பலகை, மற்றவன் கையில் அரமேயத்தில் எழுதும் சுருள்.

2 இராஜாக்கள் 17:6 அவர்களைக் குடியேற்றிய இடங்களைச் சொல்கிறது: ஆலாக், கோசான் நதி ஓரமான ஆபோர், மேதியரின் பட்டணங்கள். ஆபோர் இன்றைய சீரியாவின் வடகிழக்கில் ஓடும் காபூர் ஆறு. சமாரியாவிலிருந்து நேர்கோட்டிலேயே 650 கிலோமீற்றருக்கு மேல். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குத் தெருவழி 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல் என்றால், அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், கால்நடையாக. லாகீஸ் சிற்பத்தில் அந்த நடை செதுக்கப்பட்டிருக்கிறது. மாட்டுவண்டியில் மூட்டைகள், மூட்டைகளுக்கு மேல் பெண்களும் சிறுவர்களும், வண்டிக்குப் பக்கத்தில் ஆண்கள். குடும்பம் குடும்பமாகத்தான் போகிறார்கள். போகிறவர்களுக்கு உணவு, உடை, செருப்பு, எண்ணெய் கொடுப்பது பற்றி அசீரிய அதிகாரிகள் எழுதிய கடிதங்களும் கிடைத்திருக்கின்றன. இரக்கத்தால் செய்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வயல் செய்யவும் பட்டணம் கட்டவும் உயிரோடு போய்ச் சேர்ந்த கைகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன.

17:24 மறுபாதியைச் சொல்கிறது. பாபிலோனிலும் கூத்தாவிலும் ஆமாத்திலும் இருந்து வேறு சனங்களைக் கொண்டுவந்து சமாரியாவில் வைத்தார்கள். தன் மண்ணில் இருப்பவனுக்குக் கிளர்ச்சி செய்ய ஆள் இருக்கும், மறைய இடம் இருக்கும். அயல்மண்ணில், அயலாரின் நடுவில் இருப்பவனுக்குப் பாதுகாப்பு அரசாங்கம் ஒன்றுதான். அசீரியரின் வெற்றி நிலைத்ததற்கு வாளைவிட இந்த முறைதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இடம்பெயர்வு என்ற சொல்லுக்கு நம் மாவட்டத்தில் எந்த வீட்டிலும் அகராதி தேவையில்லை. ஆகவே "சிறையாகக் கொண்டுபோய்" என்று வரும் இடத்தில், சிறைக்கூடத்தைப் பற்றியது இல்லை, ஊரோடு பெயர்த்துக் கொண்டுபோனதைப் பற்றியது என்று ஒரு வரி சொன்னாலே வகுப்பு விளங்கிக்கொள்ளும். எல்லாரையும் கொண்டுபோகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2 நாளாகமம் 30இல் யூதாவின் அரசன் எசேக்கியா எப்பிராயீமிலும் மனாசேயிலும் மீதியாக இருந்தவர்களைப் பஸ்காவுக்கு அழைக்கிறான்.

இப்போது எருசலேம். 18:17இல் தர்த்தான், ரப்சாரீஸ், ரப்சாக்கே என்று மூவர் வருகிறார்கள். வேதாகமத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் மூன்று ஆட்களின் பெயர்போல இருக்கும். மூன்றும் பதவிகள். தர்த்தான் சேனாதிபதி, ரப்சாரீஸ் அரண்மனை அண்ணகர் தலைவன், ரப்சாக்கே பானபாத்திரக்காரர் தலைவன் என்ற பட்டமுள்ள மேல் அதிகாரி. நாங்கள் அரசாங்க அதிபரை "ஜீஏ வந்தார்" என்று பெயர் சொல்லாமல் பதவியைச் சொல்வதுபோல. அவர்கள் வந்து நிற்கும் இடம் மேல்குளத்து வாய்க்காலடி. முற்றுகைக்கு வந்தவன் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பான்.

எசேக்கியாவும் அதைத்தான் முதலில் பார்த்திருந்தான். நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்த்ததையும் இடிந்த மதிலைக் கட்டியதையும் 2 நாளாகமம் 32 சொல்கிறது. கீகோன் ஊற்றின் நீரை மலைக்குள்ளால் நகரத்துக்குள் கொண்டுவரும் சுரங்கம் 533 மீற்றர் நீளம். அது எசேக்கியாவின் வேலை என்றே பெரும்பாலான ஆய்வாளர் கொள்கிறார்கள். இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கூட்டம் குடைந்து, ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்டு, நடுவில் சந்தித்ததாக அதன் சுவரில் பொறித்திருந்த எழுத்து 1880இல் கண்டெடுக்கப்பட்டது. இவ்வளவு நீளத்துக்கும் வாட்டம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர்தான். வாய்க்காலுக்கு வாட்டம் பிடித்துப் பழகிய கைகள் அதன் அருமையை உடனே அறியும்.

ரப்சாக்கேயின் பேச்சைத் தனியாக ஒரு மாலை வைத்து வாசிக்கலாம். மதில்மேல் இருக்கும் சனத்துக்குக் கேட்கும்படி யூத பாஷையில் பேசுகிறான். எசேக்கியாவின் ஆட்கள் சீரிய பாஷையில் பேசும்படி கெஞ்சுகிறார்கள். சீரிய பாஷை என்பது அரமேயம், அன்றைய அரசாங்க அலுவல் மொழி. அவன் மறுத்துவிட்டு இன்னும் உரக்கப் பேசுகிறான். எகிப்து நெரிந்த நாணற்கோல், அதன்மேல் சாய்ந்தால் கையில் குத்தும் என்கிறான். இரண்டாயிரம் குதிரை தருகிறேன், ஏற ஆள் இருக்கிறதா என்று கேட்கிறான். கடைசியில் 18:32இல் உங்கள் தேசத்துக்கு ஒப்பான தேசம் ஒன்றுக்குக் கொண்டுபோவேன், அங்கே தானியமும் திராட்சரசமும் ஒலிவ எண்ணெயும் தேனும் உண்டு என்கிறான். சனத்தைப் பெயர்ப்பதையே வரமாக்கிக் காட்டும் பேச்சு இது. அசீரியர் நகரத்துக்கு வெளியே நின்று, ஊர்மொழியில், சனத்தை அரசனிடமிருந்து பிரிக்கும்படி பேசியதற்கு அவர்களுடைய சொந்தக் கடிதங்களிலும் உதாரணம் உண்டு. மதிலை இடிப்பதற்கு முன்னே மனத்தை இடிப்பது கொத்தளத்தைவிட மலிவு.

சனகெரிப் இதே ஆண்டைப்பற்றித் தன் களிமண் பட்டகத்தில் என்ன எழுதினான்? ஆறு முகம் கொண்ட, ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர் உயரமான பட்டகம் ஒன்று லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே வாசகத்தின் வேறு பிரதிகள் சிக்காகோவிலும் எருசலேமிலும் உள்ளன. தன் நுகத்துக்குக் கீழ்ப்படியாத எசேக்கியாவின் மதில் சூழ்ந்த 46 நகரங்களையும் எண்ணற்ற சிற்றூர்களையும் பிடித்ததாகச் சொல்கிறான். எப்படிப் பிடித்தான் என்றும் சொல்கிறான்: மிதித்து இறுக்கிய மேடுகள், இடிக்கும் யந்திரங்கள், காலாட்களின் தாக்குதல், சுரங்கம், உடைப்பு. பிறகு எருசலேமுக்கு வருகிறான். எசேக்கியாவைக் கூண்டுக்குருவிபோல் அவன் தலைநகரில் அடைத்தேன், சுற்றிவரக் காவலரண் வைத்தேன், வாசலால் வெளியே வந்தவனைத் திரும்பவைத்தேன். அவ்வளவுதான். மேடு இல்லை, யந்திரம் இல்லை, உடைப்பு இல்லை, பிடித்தேன் என்ற சொல்லும் இல்லை.

இதை 19:32க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்பும் கேடகமும் கொத்தளமும் இந்த நகரத்துக்கு வராது என்று ஏசாயா சொன்னதாக ஒரு ஏடு. மற்ற நகரங்களுக்கு மேடு போட்டதைப் பெருமையாகப் பட்டியலிட்டுவிட்டு, இந்த நகரத்தில் காவலரணோடு நின்றுவிடும் மறு ஏடு. லாகீசில் ஆயிரக்கணக்கான தொன் கல்லாகக் கிடக்கும் மேடு, எருசலேமைச் சுற்றி எங்கும் அகப்படவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாத இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகும் இடம் இது. என் பார்வையில் இந்த முழுப் பாடத்திலும் ஆசிரியர் தவறவிடக்கூடாத இடமும் இதுதான்.

"கூண்டுக்குருவி" என்பதற்கும் ஒரு பின்கதை உண்டு. மூன்றாம் திகிலாத்பிலேசர் தமஸ்குவின் அரசன் ரேத்சீனைப்பற்றியும் கூண்டுப்பறவை என்றே எழுதினான். அந்த வருஷம் அவன் தமஸ்குவைப் பிடிக்கவில்லை. பிடிக்க முடியாததை மூடிச்சொல்ல அசீரிய எழுத்தருக்குக் கைவசம் இருந்த உவமை அது.

கப்பத்தில் இரண்டு ஏடும் பாதி ஒத்துப்போகின்றன. தங்கம் இரண்டிலும் 30 தாலந்து, ஏறத்தாழ 900 கிலோ. வெள்ளி 18:14இல் 300 தாலந்து, பட்டகத்தில் 800. அடுத்த வசனத்தில் ஆலயத்திலும் அரண்மனைப் பொக்கிஷத்திலும் அகப்பட்ட எல்லா வெள்ளியையும் எசேக்கியா கொடுத்தான் என்று வருவதால், வித்தியாசத்தின் ஒரு பகுதி அங்கே இருக்கலாம். வகுப்பில் இந்த முரண்பாட்டை மறைக்காதீர்கள். தங்கம் சரியாக ஒத்துவருவதே வியப்புக்குரியது. அதைக் காட்டிவிட்டு வெள்ளியையும் காட்டுங்கள். பட்டகம் சொல்லும் 200,150 கைதிகள் என்ற தொகையை ஆய்வாளர் பலர் அப்படியே ஏற்பதில்லை. அன்றைய யூதா அவ்வளவு சனத்தைத் தாங்கியிருக்க முடியாது என்பது காரணம்.

18:8இல் எசேக்கியா பெலிஸ்தரைக் காசாமட்டும் முறிய அடித்தான் என்று ஒற்றை வரி வருகிறது. வேகமாகக் கடந்துபோய்விடுவோம். பெலிஸ்தரின் எக்ரோன் நகரத்தார் அசீரியாவுக்கு விசுவாசமாயிருந்த, பாதி என்னும் பெயருள்ள தங்கள் அரசனை விலங்கிட்டு எசேக்கியாவிடம் ஒப்படைத்தார்கள் என்று பட்டகம் சொல்கிறது. கிளர்ச்சியில் எசேக்கியா தலைவனாக இருந்தான் என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படிப்பட்டவனுக்கு என்ன தண்டனை வழக்கம்? சனகெரிப் எக்ரோனின் பிரபுக்களைக் கொன்று கம்பங்களில் தொங்கவிட்டான், அஸ்கலோன் அரசனைக் குடும்பத்தோடு அசீரியாவுக்குக் கொண்டுபோனான். எசேக்கியா மட்டும் சிங்காசனத்தில் இருந்தபடியே இருந்தான்.

ஏன் என்பதற்குப் பட்டகத்தில் பதில் இல்லை. 19:35 கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் 185,000 பேரைச் சங்கரித்ததாகச் சொல்கிறது. கிரேக்கரான ஹெரோடோட்டஸ், எகிப்தின் எல்லையில் எலிகள் அசீரியரின் வில்நாணைக் கடித்து அறுத்த கதையைச் சொல்கிறார். இங்கே ஆசிரியர் இரண்டு பக்கமும் வழுக்கக்கூடாது. தூதன் வந்ததைப் புதைபொருள் நிரூபித்துவிட்டது என்று சொல்வது பிழை. மண்ணில் அப்படி எதுவும் எழுதியில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் பிழை. நகரம் விழவில்லை, அரசன் நிலைத்தான், கப்பம் போனது. இந்த மூன்றும் வரலாறு. அது யார் கையால் நடந்தது என்பதை வேதம் சொல்கிறது, விசுவாசி அதை விசுவாசமாகவே ஏற்கிறான்.

வாசிக்கும்போது அடிக்கடி நேரும் சில தவறுகள். பெரியது அசீரியாவும் சீரியாவும். தமிழில் ஒரு "அ" மட்டும் வித்தியாசம். சபையில் வாசிப்பவர் அதை விழுங்கிவிட்டால் 2 இராஜாக்கள் 16 தலைகீழாகிவிடும். அங்கே ஆகாஸ், சீரியாவை அடிக்க அசீரியாவைக் கூப்பிடுகிறான். சீரியா தமஸ்குவைத் தலைநகராகக் கொண்ட அயல்நாடு. அசீரியா தீகிரிஸ் நதிக்கரையில், இன்றைய ஈராக்கின் மோசுலை அண்டியது, எருசலேமிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 900 கிலோமீற்றர். வாசிப்பவருக்கு முதலே பென்சிலால் அந்த "அ"வை வட்டமிட்டுக் கொடுங்கள்.

19:36க்கும் 37க்கும் இடையில் இருபது வருஷம் கிடக்கிறது. சனகெரிப் நினிவேக்குத் திரும்பியது கி.மு. 701, மகன்கள் அவனைக் கொன்றது 681. அடுத்தடுத்து வாசித்தால் போன கிழமையே கொன்றதுபோல் இருக்கும். ஏசாயா 36ஐ மட்டும் எடுத்துப் பாடம் நடத்துவோர் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும்: எசேக்கியா கப்பம் கட்டிய மூன்று வசனங்கள், 2 இராஜாக்கள் 18:14 முதல் 16 வரை, அங்கே இல்லை. நாளாகமத்திலும் இல்லை. அரசன் பயந்து ஆலயக் கதவுகளின் பொன்தகட்டை உரித்துக் கொடுத்ததை இராஜாக்களின் புத்தகம்தான் ஒளிக்காமல் சொல்கிறது.

சமாரியாவைப் பிடித்தது சல்மனாசாரா சர்கோனா என்று பரீட்சையில் கேட்டால், முற்றிக்கை போட்டது ஐந்தாம் சல்மனாசார். பாபிலோனிய நாளேடு நகரத்தை அழித்த பெருமையை அவனுக்கே கொடுக்கிறது, அதே காலத்தில் அரசேறிய சர்கோன் தனக்கென்று எழுதிக்கொண்டான். சர்கோனின் பெயர் வேதாகமத்தில் ஏசாயா 20:1இல் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. 1843இல் கோர்சபாத்தில் அவன் அரண்மனை தோண்டப்படும்வரை அப்படி ஒரு அரசனை வேறு வழியால் அறிய முடியாமல் இருந்தது.

இந்த ஆண்டுகளை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அசீரியர் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓர் அதிகாரியின் பெயரை வைத்தார்கள், அந்தப் பட்டியல்கள் கிடைத்திருக்கின்றன. அதில் ஒரு வருஷத்துக்குப் பக்கத்தில் சூரிய கிரகணம் என்று குறித்திருக்கிறது. வானியல் கணக்கில் அது கி.மு. 763 ஜூன் 15. அந்த ஓர் ஆணியில் மற்ற வருஷங்கள் தொங்குகின்றன.

வேதம் சொல்லாத இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். கி.மு. 853இல் கர்காரில் அசீரியரை எதிர்த்த கூட்டணியில் இஸ்ரவேலின் ஆகாப் 2,000 இரதங்களோடும் 10,000 காலாட்களோடும் நின்றதாக மூன்றாம் சல்மனாசார் எழுதினான். கி.மு. 841இல் யெகூ அதே அரசனுக்குக் கப்பம் செலுத்தியதைக் கறுப்புத் தூண் என்று அழைக்கப்படும் கல் காட்டுகிறது. அரசனின் காலடியில் ஒருவன் முகங்குப்புற விழுந்து கிடக்கிறான், மேலே உம்ரியின் மகன் யெகூ என்று எழுத்து. உம்ரியின் குடும்பத்தையே அழித்தவன் யெகூ. ஆனால் அசீரியருக்கு இஸ்ரவேல் என்றாலே உம்ரியின் வீடு.

இரண்டு மாலையில் இதை நடத்தலாம். முதல் மாலை 2 இராஜாக்கள் 15:19 முதல் 29 வரை, 16:5 முதல் 9 வரை, 17:1 முதல் 6 வரையும் 24உம், மெனாகேமின் கணக்கு, நடையின் தூரம். இரண்டாம் மாலை 18, 19 முழுவதும், ரப்சாக்கேயின் பேச்சை நன்றாக வாசிக்கக்கூடிய ஒருவர் எழுந்துநின்று உரக்க வாசிக்க. அதன் பிறகு ஏசாயா 10:5 முதல் 15 வரை. "என் கோபத்தின் கோலாகிய அசீரியனுக்கு ஐயோ!" என்று தொடங்கி, கோடரி தன்னால் வெட்டுகிறவனுக்கு மேலாக மேன்மை பாராட்டலாமா என்று கேட்கும் பகுதி. பட்டகத்தின் "நான் பிடித்தேன், நான் அடைத்தேன்" என்ற வரிகளைக் கேட்ட காதோடு அதை வாசித்தால், ஏசாயா எந்தக் குரலுக்கு மறுமொழி சொல்கிறார் என்பது விளங்கும்.

லாகீஸ் சிற்பத்தின் படங்களைக் கைத்தொலைபேசியிலேயே காட்டலாம். ஒரு பலகையில் சனகெரிப் உயர்ந்த சிங்காசனத்தில் இருக்கிறான், லாகீசின் கொள்ளைப்பொருள் அவன்முன் கொண்டுவரப்படுகிறது. அவன் முகம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். முகத்தை யாரோ கொத்தி எடுத்திருக்கிறார்கள். கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் நினிவேக்குள் புகுந்த நாட்களில் நடந்தது என்பதே பொதுவான கருத்து. அவனுக்கு முன்னால் பொறித்திருக்கும் எழுத்தை அவர்கள் தொடவில்லை. அகில உலகத்தின் அரசன், அசீரியாவின் அரசன் சனகெரிப் என்று அது இன்னும் வாசிக்கக் கிடக்கிறது.